இரண்டாம் பாகத்துக்கான இரத்தம்

ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு கிலோ சீனி.
கம்பிப் பதம் வருமுன் இறக்கிவிட வேண்டும்.
கேசரிச் சிவப்பு, ஒரு மேசைக்கரண்டி கொக்கோ,
கடைசியில் ஒரு சொட்டு நீலம்.
அது இல்லாவிட்டால் கமராவில்
சர்பத் போலத் தெரியும்.

மத்திய வீதியில் என்னுடையது
மணப்பெண் அலங்காரக் கடை.
முதல் பாகத்துக்கு ஒரு கழுத்துத்தான் கேட்டார்கள்.
இம்முறை ஒன்பது.
காசு மட்டும் அதே காசு.

கொலைகாரன் போன படத்திலேயே செத்துவிட்டான்.
உப்புவெளிக் கரையில்
உக்கிய வள்ளம் ஒன்றோடு
நாங்களேதான் எரித்தோம்.
படம் ஓடும் என்று யார் கண்டது?
‘எரிந்தது முகமூடி மட்டும்’ என்று
சம்பலில் பாணைத் தொட்டபடி
மயூரதன் ஒரு வரி எழுதினான்.
அவ்வளவுதான். எழும்பிவிட்டான்.

முகமூடிக்குள் முன்பு நின்ற டிலக்சன்
இப்போது பாரிசில் கோப்பை கழுவுகிறான்.
புதியவன் கிண்ணியா நௌபர், ஓட்டோக்காரன்,
நாலு அங்குலம் கட்டை.
பழைய செருப்புகளை வெட்டிச்
சப்பாத்துக்குள் அடுக்கினோம்.
அதனால்தான் இந்தப் படத்தில்
கொலைகாரன் அவ்வளவு ஆறுதலாய் நடக்கிறான்.
அந்த நடையே குலையை நடுக்குகிறது
என்கிறார்கள் பார்த்தவர்கள்.
கத்தியை ஓங்கும் ஒவ்வொரு தரமும்
நௌபர் ‘சொறி தங்கச்சி’ என்பான்.
வாய் தெரியாத முகமூடி. தப்பினோம்.

கோட்டைப் பக்கத்துப் புல்வெளி, விடியப்புறம் மூன்று மணி.
அறுபட்ட கழுத்தோடு சங்கவி கிடக்கிறாள்.
மான் ஒன்று வந்தது.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்கிற
அதே மான்களில் ஒன்றாய் இருக்கும்.
மோந்து பார்த்தது.
என் இரண்டு மணி நேர வேலையை
நக்கத் தொடங்கியது.
மயூரதன் ‘கட்’ சொல்லவில்லை.
கூச்சத்தில் அவள் கால்விரல்கள் சுருண்டன,
முகம் செத்தபடியே இருந்தது.
நாற்பது விநாடி.
அது கணினி வேலை என்று
சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு லிங்கநகர் வீடு.

பொலிஸுக்குக் கடிதம் கொடுத்தோம்.
கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கினோம்.
அயலுக்குச் சொல்ல மறந்துபோனோம்.
இரவு பதினொன்றரைக்குச் சங்கவி
முதல் தரம் கத்தினாள்.
சாயப் போத்தலோடு நான் முற்றத்தில் நின்றேன்.
எதிர்வீட்டு விளக்கு அணைந்தது.
அதற்கடுத்தது. அதற்குமடுத்தது.
ஒழுங்கை முழுக்க,
யாரோ விரலால் தொட்டுத் தொட்டு
அணைத்துக்கொண்டு போவதுபோல.

பதினொரு டேக்.
ஒரு கதவும் திறக்கவில்லை.

சத்தப் பதிவு சமிந்த, கந்தளாய்ப் பொடியன்.
ஒவ்வொரு இடத்திலும் கடைசியில்
ஒரு நிமிடம் எல்லாரையும் பேசாமல் நிற்கவைத்து
வெறும் காற்றைப் பதிவான்.
அன்று ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னான்:
‘அக்கா, இப்பிடி ஒரு சைலன்ஸ்
எனக்கு எங்கயும் கிடைச்சதில்ல.
ஆளுகள் மூச்சைப் பிடிச்சு வச்ச மாதிரி.’
அவனுக்கு இருபத்து மூன்று வயது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சுவிட்சை எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டில் அது கதவுக்கு இடப்பக்கம்,
என் தோள் உயரத்தில்.
இப்போதும் இருட்டில் கை நேரே அங்கேதான் போகும்.

காலையில் லெமன் பஃப் பைக்கற்றுகளோடு
மன்னிப்புக் கேட்கப் போனேன்.
எதிர்வீட்டுப் பெண் படலையைப் பாதி திறந்து
என் நகங்களைப் பார்த்தாள். சிவப்பு.
‘முடிஞ்சுதா?’ என்றாள்.
படம் என்றேன். படப்பிடிப்பு என்றேன்.
தலையாட்டினாள். பிஸ்கற்றை வாங்கிக்கொண்டாள்.
படலையைச் சாத்தினாள்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் மயூரதன்
படம் முழுக்க அடியில் விரித்திருக்கிறான்.
காடு, கடற்கரை, ஆஸ்பத்திரி,
எங்கே யார் நடந்தாலும்
கீழே ஓடுவது லிங்கநகர்.
யாரும் கவனிப்பதில்லை.
பயமாய் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார்கள்.

மூன்றாம் பாகத்துக்குக் கேட்டிருக்கிறான்.
வெள்ளிக்கிழமை எனக்கு
நிலாவெளியில் ஒரு கலியாணம் இருக்கிறது,
பிறகு சொல்கிறேன் என்றேன்.
வாடகை வீட்டை இருபது வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம்.
வீட்டுக்காரர் முற்பணத்தில்
மூவாயிரம் பிடித்துக்கொண்டார்.
எறும்புக்காம்.